கை கிரைண்டர்: தொடங்கும் முன் இரண்டு நிமிடம்

(காவிரி டெல்டா உழவர்களுக்கான பண்ணைக் கருவிகள் பயிற்சியில் நிகழ்த்திய உரை)



கிரைண்டர் என்று சொன்னதும் நம் வீட்டில் இட்லிக்கு மாவரைக்கும் இயந்திரம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் கல் நிதானமாகச் சுற்றும். நான் இன்று பேச வந்திருப்பது அதைப் பற்றி அன்று. பட்டறைகளில் 'கட்டிங் மிஷின்' என்றும் 'ஹேண்ட் கிரைண்டர்' என்றும் வழங்கப்படும் மின்சாரக் கைக் கருவியைப் பற்றி. கடைக்காரர் இதனை 'ஆங்கிள் கிரைண்டர்' என்பார். மோட்டார் நீளவாட்டில் இருக்க, முனையில் உள்ள பல்சக்கரங்கள் சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பி வட்டைச் சுற்ற வைப்பதால் இந்தப் பெயர் வந்தது. 1954-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் இக்கருவி அதிவேக வடிவில் வெளிவந்தது.

முன்பு வெல்டிங் பட்டறைகளில் மட்டும் இருந்த இக்கருவி இன்று டிராக்டர் வைத்திருப்போர் வீடுகள் பலவற்றிலும் இருக்கிறது. இருப்பதற்குக் காரணமும் உண்டு. சேற்றுழவுக்கான கேஜ் வீலில் தேய்ந்த இரும்புப் பட்டையை வெட்டி எடுக்க, துருப்பிடித்துச் சுழலாமல் நிற்கும் போல்ட்டை அறுக்க, போர் குழாயை அளவுக்கு வெட்ட, வெல்டிங் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்ய, மண்வெட்டிக்கு விளிம்பு பிடிக்க எல்லாவற்றுக்கும் இது உதவுகிறது. ஹேக்சா பிளேடால் கால் மணி நேரம் அறுக்க வேண்டிய இரும்பை ஒரு நிமிடத்தில் அறுத்துத் தருகிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கண்ணையும் விரலையும் பறிக்கவும் இதனால் முடியும்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறப்பது மரபு. எல்லா ஆண்டும் அப்படி அமைவதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. முன்னதாக வந்தாலும் பின்னதாக வந்தாலும், கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வருகிறது என்ற செய்தி கேட்டதும் எல்லோரும் ஒரே நாளில் பட்டறைக்கு ஓடுகிறோம். கேஜ் வீலும் கலப்பையும் வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன. இந்த அவசரத்தில்தான் கண்ணாடி போடாமல் வெட்டுவதும், காப்புத் தகட்டைக் கழற்றி எறிவதும் நடக்கின்றன. ஆகவே உழவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கருவிகளைச் சித்திரை மாதத்திலேயே சரிபார்த்து முடியுங்கள் என்பதுதான். அவசரம் இல்லாத வேலையில் விபத்தும் குறைவு.

வட்டின் வேகம்

4 அங்குல வட்டு பூட்டும் சாதாரண கை கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுகள் சுற்றுகிறது. அதாவது வட்டின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஓடுகிறது. மணிக்கணக்கில் சொன்னால் 200 கிலோ மீட்டருக்கும் அதிகம். ஓடும்போது வட்டு உடைந்தால் அதன் சில்லுகள் அந்த வேகத்திலேயே பறக்கும். வெட்டும் வட்டு என்பது இரும்பு அன்று. அரைக்கும் தன்மையுள்ள மணிகளைப் பிசினால் ஒட்டி, இடையில் கண்ணாடி நார் வலை வைத்துச் செய்த மெல்லிய தகடு. அதன் கனம் 1 முதல் 3 மி.மீ. வரைதான். நேராக வெட்டினால் நன்றாக உழைக்கும். பக்கவாட்டில் சிறிது நெரித்தாலும் உடைந்துவிடும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் வெட்டாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்குப் பயிற்சி நடத்த இடம் பார்க்கச் சென்றிருந்தேன். சாலையோரப் பூவரச மரத்தடியில் ஒருவர் கேஜ் வீலின் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். நின்று பேசினேன். கார்டு எங்கே என்று கேட்டேன். "அது மறைக்குது சார், கழட்டி வச்சுட்டேன்" என்றார். பாதி வெட்டில் மின்சாரம் நின்றது. கருவியை அப்படியே மணலில் வைத்துவிட்டு, "வாங்க சார், டீ குடிச்சுட்டு வருவோம்" என்று அழைத்தார். நானும் சென்றேன்.

அவருடைய அக்காள் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், வெட்டி விழுந்த துண்டுகளைக் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. சுவிட்ச் முன்னே தள்ளிய நிலையிலேயே இருந்திருக்கிறது. கருவி மணலில் வயல் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடி, இரும்பில் மோதி, வட்டு உடைந்து பறந்தது. ஒரு சில்லு பையனின் கணுக்காலுக்கு மேலே நரம்பை வெட்டிவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவன் ஊன்றுகோலோடுதான் பள்ளிக்குப் போனான்.

கார்டு இல்லாததைக் கண்டு கேள்வி கேட்ட நான், சுவிட்சைக் கவனிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவன் அங்கேயே நின்றும் தவறவிட்டேன். அன்றிலிருந்து எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இக்கருவியால் நேரும் விபத்துகளில் பல, வெட்டும் நேரத்தில் அல்ல, வெட்டுவதற்கு முன்னும் வெட்டி முடித்த பின்னும் உள்ள ஓரிரு நிமிடங்களிலேயே விதைக்கப்பட்டுவிடுகின்றன. எனவே அந்த நிமிடங்களைப் பற்றியே இன்று விரிவாகச் சொல்கிறேன்.

சரியான வட்டைத் தேர்ந்தெடுத்தல்

வட்டின் முகத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பழகுங்கள். அதில் அதிகபட்சச் சுழற்சி வேகம் அச்சிடப்பட்டிருக்கும். கருவியின் பெயர்த்தகட்டில் உள்ள வேகத்தைவிட அது கூடுதலாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். 4 அங்குல வட்டு சுமார் 15,000 சுற்று வரை தாங்கும். 7 அங்குல வட்டோ சுமார் 8,500 சுற்று அளவுக்கே செய்யப்பட்டது. அதனை 11,000 சுற்று ஓடும் சிறிய கருவியில் பூட்டினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு 80 மீட்டர்தான்.

"பெரிய வட்டு போகாதே, துளை அளவே வேறாயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 4 அங்குல வட்டின் துளை 16 மி.மீ.; பெரிய வட்டுகளின் துளை சுமார் 22 மி.மீ. ஆனால் கார்டைக் கழற்றிவிட்டு, இடையில் ஒரு வாஷரைச் செருகிப் பூட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துளை நடுவில் அமையாத வட்டு அதிர்ந்து உடையும். இது ஒருபோதும் கூடாது.

வட்டின் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பிசின் வட்டுக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக, செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்த வட்டு அதற்கு முன்பே வலுவிழந்துவிடும். ஆகவே வட்டுகளை மோட்டார் கொட்டகைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில், தட்டையாக, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கீழே விழுந்த வட்டையும் ஓரம் சிதைந்த வட்டையும் இரண்டாக உடைத்து எறிந்துவிடுங்கள். உடைக்காமல் எறிந்தால் வேறு யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.

வெட்டும் வட்டு வேறு, தேய்க்கும் வட்டு வேறு. தேய்க்கும் வட்டு சுமார் 6 மி.மீ. கனம் இருக்கும். வெட்டும் வட்டின் பக்கத்தை வைத்து வெல்டிங்கைத் தேய்ப்பது தவறு. மண்வெட்டி, அரிவாள் போன்றவற்றைத் தீட்டும்போது விளிம்பு நீல நிறமாக மாறும் வரை அழுத்தித் தேய்க்காதீர்கள். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு விளிம்பு நிற்காது.

இன்னொரு எச்சரிக்கை. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னைகள் சாய்ந்து கிடந்ததை நாம் மறக்க முடியாது. அத்தகைய வேளைகளில் மரம் அறுக்கும் இயந்திரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படும். கை கிரைண்டரில் பல் வைத்த பிளேடையோ சங்கிலி வட்டையோ பூட்டி மரத்தை அறுக்கலாம் என்று தோன்றும். பல் மரத்தில் கடித்துக்கொண்டால் கருவி கையை மீறி முகத்தை நோக்கி எகிறும். மரத்துக்கு மர அறுவை இயந்திரமே ஏற்றது.

காப்புத் தகடும் உடையும்

கார்டு என்னும் காப்புத் தகடு வெட்டை மறைக்கிறது என்பது பொதுவான குறை. அதைக் கழற்ற வேண்டியதில்லை, திருப்பி வைத்துக்கொள்ளலாம். உடைந்த சில்லும் பொறியும் உங்கள் பக்கம் வராமல், எதிர்ப்பக்கம் போகும்படி அமைத்து இறுக்குங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியையும் கழற்றாதீர்கள். இரண்டு கையாலும் பிடித்தால்தான் கருவி உதைக்கும்போது அடக்க முடியும்.

நம் ஊர் உடை வயலுக்கு ஏற்றது; இக்கருவிக்கு ஏற்றதன்று. தோளில் தொங்கும் துண்டு, அவிழ்ந்த லுங்கி, மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி ஆகிய எதுவும் சுழலும் வட்டுக்கு அருகில் வரக்கூடாது. அரைக்கால் சட்டையும் ஹவாய் செருப்பும் போதாது. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணியுங்கள். கண்ணுக்கு, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடியும், படிப்பதற்குப் போடும் கண்ணாடியும் இதற்குப் பயன்படா. அதிக நேரம் வேலை இருந்தால் காதுக்கு அடைப்பான் வையுங்கள். அருகில் நின்று பிடித்துக்கொள்பவருக்கும் கண்ணாடி வேண்டும் என்பதை மறவாதீர்கள். சிறுவர்களை அந்த இடத்துக்கே விடக்கூடாது.

மின்சாரம்

நம் பகுதியில் தரை எப்போதும் ஈரம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று மின் கருவியைப் பிடிப்பதைவிட ஆபத்து வேறில்லை. காய்ந்த பலகையின் மேல் நின்று வேலை செய்யுங்கள். வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பொருத்தியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. குற்றம் அதனுடையது அன்று.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு பேஸ் கம்பியை இழுத்து, எர்த் குழாயை நியூட்ரலாக வைத்துக் கருவியை ஓட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எர்த் சரியாக இல்லையென்றால் அந்தக் குழாயிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர் குடிக்க வந்த மாடு மோதினாலும் உயிர் போகும். இதைச் செய்யவே கூடாது. வயலில் கண்டிப்பாகப் பழுது பார்க்க வேண்டுமென்றால் இன்று பேட்டரியில் ஓடும் கிரைண்டர்கள் கிடைக்கின்றன. அவற்றில் மின்கசிவுப் பயம் இல்லை. ஆனால் வட்டின் ஆபத்து அதே அளவுதான்.

நீட்டிப்பு ஒயரை முழுவதும் விரித்துப் பயன்படுத்துங்கள். சுருளாக இருந்தால் சூடேறி உருகும். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் கருவி மெதுவாகச் சுற்றும். அழுத்தி வெட்டினால் காயில் கருகும். அப்போது வேலையை நிறுத்திவைப்பதே இலாபம். பிளக்கைச் செருகுமுன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் நின்றால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. இரண்டாவது வேலை பிளக்கைப் பிடுங்குவது. டீ அதற்குப் பிறகு.

வெட்டும் முறை

வெட்டும் பொருளைக் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள். வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். இரு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால், வெட்டு விழ விழ இரும்பு தொய்ந்து வட்டை நெரிக்கும். கருவி உதைப்பது இதனால்தான். வெட்டும் இடத்துக்கு அருகில் முட்டுக் கொடுத்து, துண்டு தானாக விழும்படி ஒரு முனையை விட்டுவிடுங்கள். வட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். முழு வேகம் எடுத்த பிறகே இரும்பில் வையுங்கள். அழுத்த வேண்டாம், கருவியின் எடையே போதும். வேலை முடிந்து சுவிட்சை அணைத்த பின்னும் வட்டு சிறிது நேரம் சுற்றும். அது நின்ற பிறகே கீழே வையுங்கள்.

தீயும் நச்சும்

தை, மாசி அறுவடையில் நெல் அறுவடை இயந்திரம் வயலிலேயே பழுதாகும். சுற்றிலும் காய்ந்த வைக்கோல் கிடக்க, அங்கேயே கிரைண்டரைப் போடுவது தீயை அழைப்பதாகும். குறைந்தது 10 மீட்டர் சுற்றளவில் வைக்கோல், சாக்கு, டீசல் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு குடம் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பின் அரை மணி நேரமாவது அந்த இடத்தைக் கவனியுங்கள். பொறி வைக்கோலுக்குள் புகைந்து கிடந்து பிறகு பற்றும்.

காலி டீசல் பேரலையும் மருந்து டின்னையும் கிரைண்டரால் வெட்டித் தொட்டி செய்யாதீர்கள். காலி என்று நினைப்பதில் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும், வெடிக்கும். மோட்டார் கொட்டகைக் கூரைக்கான ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் இதனால் அறுக்கக்கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். சிமெண்டுத் தரையையும் டைல்ஸையும் வெட்டும்போது தண்ணீர் தெளித்த இடத்தில், தரமான முகக்கவசம் அணிந்து வெட்டுங்கள். தண்ணீர் கருவிக்குள் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

பராமரிப்பு வேலை எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் படிந்த தூசியைப் பிரஷால் துடையுங்கள். இரும்புத்தூள் உள்ளே சேர்ந்தால் காயிலை அரித்து மின்கசிவு உண்டாக்கும். ஒயர் கருவிக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் ஒயரையே மாற்றுங்கள். வட்டை இறுக்கும் பிளேட்டுகளையும் நட்டையும் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கார்பன் பிரஷ் இரண்டு உண்டு. அவை சுமார் 5 அல்லது 6 மி.மீ. நீளத்துக்குத் தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விட்டு விட்டு ஓடுவதும், காற்றுத் துளை வழியாக உள்ளே பெரிய நெருப்பு வளையம் தெரிவதும் பிரஷ் தேய்ந்ததன் அடையாளங்கள். சில ரூபாய் பிரஷை மாற்றாமல் விட்டால் ஆர்மேச்சரையே மாற்ற வேண்டி வரும். ஆண்டுக்கு ஒருமுறை பல்சக்கரப் பெட்டியைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிய கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். இரைச்சல் மாறினாலோ, தலைப்பகுதி கை வைக்க முடியாமல் சூடானாலோ பேரிங்கைப் பாருங்கள்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் கசக்காதீர்கள். துணி முனையால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். இரும்புத்தூள் ஒரே நாளில் கருவிழியில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கண் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே செல்லுங்கள். வெட்டுக் காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வைக்காமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். விரல் துண்டானால் அதனை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

முடிவாக

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நம் நாட்டில் வந்தது. ஆனால் பூவரச மரத்தடியில் நடக்கும் வேலையை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. அங்கே நாமே அதிகாரி, நாமே காவல்.

எனவே ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒயர் சரியா? வட்டில் வெடிப்பு, தேதி, வேக அளவு சரியா? கார்டும் கைப்பிடியும் இறுகியிருக்கின்றனவா? கண்ணாடி போட்டாயிற்றா? சுற்றிலும் வைக்கோலும் குழந்தைகளும் இல்லையா? புதிய வட்டு பூட்டினால் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட்டுப் பாருங்கள். உடைவதாக இருந்தால் பெரும்பாலும் அப்போதே உடையும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை என்பார்கள். தண்ணீர் இரண்டு நாள் பிந்தி வந்தால் நாற்றங்காலைச் சமாளிக்கலாம். கேஜ் வீல் ஒரு நாள் பிந்திக் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கலாம். கண்ணையும் காலையும் இரவல் தர எவராலும் முடியாது. அந்தச் சிறுவனின் ஊன்றுகோல் இன்னொரு சிறுவனுக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.